கேன்டீன் கூரையில் சங்கு

ஏப்ரல் 7, திங்கள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே பிடரியில் ஓர் அடி வாங்கினேன். பழைய கம்பெனியில் மோட்டார் டெஸ்ட் பெஞ்சில் இருந்தபோது அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவைக்கிற பழக்கம் வந்தது. எழுதாவிட்டால் ஷிஃப்ட் முடிந்த மாதிரி இருக்காது. அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

இடம் சிங்காநல்லூர், முதியோர் பகல் மையம். மூடிப்போன மில்லின் கேன்டீன் கட்டடம். மில்லை இடித்து அடுக்குமாடி கட்டியவர்கள் இதை மட்டும் விட்டுவைத்தார்கள்; ஒரு டிரஸ்ட் எடுத்து நடத்துகிறது. காலையில் வேன் போய்க் கிழடுகளை அள்ளி வரும். கை கால் பயிற்சி, பேப்பர், கேரம், சோறு, தூக்கம். பொழுதோடு திரும்பக் கொண்டுபோய் விடும். முக்கால்வாசிப் பேர் இதே மில்லில் வேலை பார்த்தவர்கள். நான் மெயின்டெனன்ஸ். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ஃபில்டர், பிசியோதெரபி மெஷின். ஆட்களைத் தொடுகிற வேலை கிடையாது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

சுவிட்ச் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து விழுந்தது. மண்வெட்டி மாதிரிக் கை.

"எவன்டா மெஷினை நிறுத்துனது? நூலு அந்துட்டுக் கெடக்குது, நீ நின்னு வேடிக்கை பாக்கறயா?"

பெயர் மாரப்பன். ஸ்பின்னிங்கில் ஜாபராக இருந்தவர். ஜாபர் என்றால் ஆட்களை மேய்க்கிறவர். இப்போது நினைவு போய்விட்டது. மில் இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறார், அதில் நான் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற பையன்.

இந்த ஆளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஜெயக்கொடி அக்காவிடம் கேட்டேன். அவர்தான் இங்கே பொறுப்பு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், யாருக்கும் பயப்படுகிற சாதி இல்லை.

"ஒரே புள்ளை சுலோச்சனா. பனியன் கம்பெனிக்குப் போறா. இவரை ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போயிட்டிருந்தா. ஒருநா உள்ளுக்குள்ள இருந்து கதவை முட்டி முட்டி மண்டையைப் பொளந்துட்டு ரத்தத்துல கெடந்தாரு. இங்க இருந்து தாட்டி உட்டா மறுபடியும் பூட்டுத்தான்."

"அதுக்காக அடி வாங்கணுமா?"

"இன்னியொரு தடவை யாருக்காச்சும் ரத்தம் வந்தா இவரை நிறுத்திரோணும்னு டிரஸ்ட்டுல சொல்லிட்டாங்க. வராமப் பாத்துக்க வேண்டியது நம்ம வேலை. நீயும் ஒரு ஆம்பளை இருக்கறே, கொஞ்சம் கண்ணு வெச்சுக்கோ."

ஆகத் தொடவும் வேண்டும்.


ஏப்ரல் 8, செவ்வாய்

ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே முழுக்கப் பாசி. இதைத்தான் இத்தனை நாளும் குடித்திருக்கிறார்கள். யாரும் சாகவில்லை. பஞ்சுத் தூசியைத் தின்று வளர்ந்த உடம்பு.


ஏப்ரல் 10, வியாழன்

மாரப்பனுக்கு எதிர் நாற்காலி ஆறுக்குட்டி ஐயாவுக்கு. வேறு யாராவது உட்கார்ந்தால் கைத்தடியால் நாற்காலிக் காலைத் தட்டுவார், அவர்கள் எழுந்துவிடுவார்கள். மில்லில் ஃபிட்டர், யூனியன்காரர். வலது முழங்கால் மடங்காது. கட்டையை இழுக்கிற மாதிரி இழுத்து நடக்கிறார். நாளெல்லாம் மாரப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ வந்தால் மாரப்பன் தன் பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நீட்டுவார். "இந்தா தம்பி, தின்னு." இவர் வாங்கித் தின்பார். சிநேகிதம் என்று நினைத்தேன்.

இன்றைக்குக் கேரம் போர்டுக்கு மெழுகு போடும்போது ராமாத்தாள் அம்மா சொன்னார். மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை பார்த்தவர், எல்லார் கதையும் அவர் வாயில் இருக்கும்.

"சிநேகிதமா? அட போ கண்ணு. பெரிய ஸ்டிரைக் நடந்துது பாரு, அப்ப கேட்டைத் தொறந்து முதலாளி வெச்ச ரவுடிகளை வெளிய உட்டது இந்த மாரப்பன்தான். ஷிஃப்டு சங்கு ஊதுது, கேட்டுத் தொறக்குது, கம்பியும் கடப்பாரையுமா வந்து உழுந்தானுக. ஆறுக்குட்டி தம்பி நாச்சிமுத்து அங்கயே மண்டையைப் போட்டுட்டான். கண்ணாலமாகி ஒரு வருசங்கூட ஆகலை. ஆறுக்குட்டிக்குக் காலு போச்சு."

"கேஸ்?"

"எங்க நின்னுது."

பிறகு நேராக ஆறுக்குட்டி ஐயாவிடமே போய்க் கேட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "உங்க தம்பி சாவுக்குக் காரணமானவர்கிட்ட பிஸ்கட் வாங்கித் திங்கறீங்களே, கூச்சமா இல்லீங்களா?"

சிரித்தார். மேல் வரிசையில் பல் இல்லை. "அவனுக்கு நெனப்பு வரோணும் கண்ணு. நெனப்பில்லாதவனை அடிச்சா அது அடியா? செவுத்தை அடிக்கற மாதிரி. எதுக்கு வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கோணும். அதுக்குத்தான் தெனமும் வேன் ஏறி வாறேன்."

"வரலைன்னா?"

"வரும். அதெல்லாம் போகற சமாச்சாரமில்லே." தடியைத் தரையில் ஊன்றினார். "நானும் ஒண்ணும் சும்மா உழுகலை பாத்துக்க. ஸ்டிரைக்குல வேலைக்குப் போற கருங்காலிக தலையோட துண்டைப் போத்திட்டுத்தான் வருவானுக, மூஞ்சி தெரியக்கூடாதுன்னு. துண்டு போட்ட தலையைக் கண்டா அடிச்சுப் போடுவோம். எவன் மகன்னு பாக்கறதில்லே. அன்னிக்கும் காலு போறதுக்கு முந்தி ஒரு துண்டுத் தலையைச் சாச்சுப்புட்டுத்தான் நான் உழுந்தேன்."

பெருமை. கிழவர் வாய்ச்சவடால். எண்பதை நெருங்குகிற ஆள் யாரை அடிக்கப் போகிறார்?


ஏப்ரல் 15, செவ்வாய்

சாப்பாட்டு வேளை இங்கே தினமும் ஒரு கலவரம். கூப்பிட்டால் பாதிப் பேருக்குக் காது கேட்காது, மீதிப் பேருக்குக் கேட்டாலும் அசைய மாட்டார்கள். மணி அடித்தால் பூஜை என்று கும்பிடுகிறார்கள். மைக் வைத்தால் அவரவர் காதுக் கருவி கீச்சென்கிறது. ஒவ்வொருவரையும் தோளைத் தட்டி எழுப்பி நடத்திக்கொண்டு போவதற்குள் ரசம் ஆறிவிடுகிறது. கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது.

பின்பக்க ஸ்டோரில் பைப் தேடப் போன இடத்தில் அது கிடந்தது. மில் சைரன். இவர்கள் பாஷையில் சங்கு. கவிழ்த்துப் போட்ட பாத்திரம் மாதிரி வாய், உள்ளே மோட்டார், மேலே ஓட்டடை. பேரிங் இறுகியிருந்தது. கண்டென்சர் செத்திருந்தது. மோட்டார் காயில் மட்டும் நன்றாகவே இருக்கிறது. அந்தக் காலத்துச் செப்பு.

மனுஷர்களோடு இருப்பதைவிட இதோடு இருந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது.


ஏப்ரல் 16, புதன்

கேன்டீன் கூரையில் ஏற்றி போல்ட் போட்டேன். டிம்மர் வைத்து வேகத்தைக் குறைத்து, ஒரு டைமரும் மாட்டினேன். முழு வேகத்தில் விட்டால் அடுக்குமாடிக்காரர்கள் போலீசுக்குப் போவார்கள்.

சோறு இறக்கியதும் சுவிட்சைப் போட்டேன். மெதுவாக ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது.

ஹாலில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். காது கேட்காதவர்களும்தான், அது காலில் கேட்கிறது போல. ராமாத்தாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். ஆண்கள் சட்டைப் பையைத் தடவி எதையோ தேடினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கதவருகே வரிசை. யாரும் சொல்லவில்லை. தட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே போனோம், அவ்வளவுதான்.

ஜெயக்கொடி அக்கா என் முதுகில் தட்டினார். "டேய் தரணி, நீ படிச்ச படிப்பு இன்னிக்குத்தான்டா வேலைக்கு ஆச்சு."

ஒரே ஒரு கோளாறு. மாரப்பனும் எழுந்தார். வரிசையில் நின்ற சுப்பையனின் காதோடு சேர்த்து ஓர் அறை. "நேரா நில்லுடா." சுப்பையன் சுவரில் போய் மோதினார். மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டு. ரத்தம் இல்லை. நான் மாரப்பனை மணிக்கட்டோடு பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

ஆறுக்குட்டி ஐயா வரிசைக்கு வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்து மாரப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார், பூனை பொந்தைப் பார்க்கிற மாதிரி.


ஏப்ரல் 21, திங்கள்

சங்கு ஊதினால் மாரப்பன் கை ஓங்குகிறார். தினமும். சனிக்கிழமை ஒருவரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். இன்று சமையல்கார அம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி மேசையில் அடித்தார், குழம்பு கூரை வரைக்கும் தெறித்தது. சங்கை நிறுத்திவிடலாமா என்று ஜெயக்கொடி அக்கா கேட்டார். ஓர் ஆளுக்காக இத்தனை பேர் சோறு ஆறுவதா என்றேன். அந்த நேரத்துக்கு நான் அவர் பின்னால் நிற்பதாக ஏற்பாடு. சங்கு தொடங்கும்போதே இரண்டு கையையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வது. அடங்கும் வரை விடுவதில்லை.

திமிறுகிறார். இந்த வயதில் இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் முறுக்கினால்தான் நிற்கிறார்.


ஏப்ரல் 23, புதன்

வேன் வராததால் சுலோச்சனா அக்கா நேரில் வந்து அப்பாவைக் கூட்டிப்போனார். சட்டைக் கையை மடித்துவிடும்போது பார்த்துவிட்டார்.

"தம்பி, இதென்ன, மணிக்கட்டுல கத்திரிக்காய்க் கலர்ல கெடக்குது?"

வயதானவர்களுக்குத் தோல் மெல்லிசு, லேசாகப் பட்டாலும் கன்றிப்போகும் என்றேன். அது உண்மை. நெட்டில் கூடப் போட்டிருக்கிறான்.

"ரெண்டு கையிலயும் ஒரே மாதிரியா?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைத் திரும்ப இறக்கிப் பொத்தான் போட்டுவிட்டார். "பாத்துப் புடிங்க தம்பி. எங்கப்பன் அடிக்கறவருதான், நா இல்லீங்கல. ஆனா வேற எடமில்லே எங்களுக்கு."

என்னமோ நான் அடித்த மாதிரி.


ஏப்ரல் 24, வியாழன்

பழைய கம்பெனியில் கூட இருந்த பையன் போன் செய்தான். சூப்பர்வைசர் மூக்கில் தையல் பிரித்துவிட்டார்களாம். அவன் எதற்கு எனக்கு இதைச் சொல்கிறான்? அது ஒரு விபத்து. எல்லாரும் பார்த்தார்கள்.


ஏப்ரல் 28, திங்கள்

ஏணியில் நின்று பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஆறுக்குட்டி ஐயா வந்து நின்றார்.

"இது நம்ம சங்கு இல்லீங்க கண்ணு. நம்ம சங்கு ஊதுனா வயித்துக்குள்ள போயிட்டு வரும். இது கொசு ஊதற மாதிரி இருக்குது."

"அதே சங்குதான். வேகத்தைக் கொறைச்சிருக்கேன்."

"ஏன் கொறைக்கறே? ஒரு மொறை நல்லா நீளமா உடு. செத்துப் போறதுக்குள்ள ஒருக்காக் கேட்டுட்டுப் போயர்றோம்."

எனக்கும் அதை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைதான். நான் சரிசெய்த மோட்டார். கொஞ்சம் கூட்டிவைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும்" என்றார்.


ஏப்ரல் 29, செவ்வாய்

கூட்டிவைத்த சங்கு. மாரப்பன் முதல் தடவையாக வேறு மாதிரி. வரிசையைத் திட்டவில்லை. ஹால் வாசலில் இருக்கிற மடக்குக் கிரில் கேட்டைப் பார்த்துக்கொண்டு, "இரு, இரு, தொறக்கறேன். கத்தாதே" என்றார். நான் பிடிக்கப் போனேன். பயிற்சி மேசையில் இருந்த இரும்புக் குண்டு அவர் கையில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. தோள்பட்டையில் இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பிறகு என் கை அவர் கன்னத்தில் பட்டது. அவர் கீழே இருந்தார்.

ராமாத்தாள் மட்டும், "அடப்பாவி, அப்பன் வயசாச்சேடா" என்றார். மாரப்பன் தரையில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல அடிடா பையா. ஸ்பின்னிங்குக்கு வந்துரு, உன்னை மேஸ்திரி ஆக்கிப்புடறேன்."

உதட்டுக்குள் லேசான கீறல். அதை ரத்தம் என்று கணக்கில் சேர்க்க முடியாது. ஜெயக்கொடி அக்கா மருந்து வைத்தார். என்னோடு பேசவில்லை.

ஆறுக்குட்டி ஐயா என் தோளுக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன சொன்னான் கேட்டியா? தொறக்கறேங்கறான். பக்கத்துல வந்துட்டான் கண்ணு."


மே 2, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். மண்டையில் எல்லாம் கலந்து கிடக்கிறது.

ஜெயக்கொடி அக்கா டிரஸ்ட் மீட்டிங்குக்குப் போயிருந்தார். காலையிலேயே டிம்மரைக் கழற்றிவிட்டு நேர் லைனில் கொடுத்தேன். ஆறுக்குட்டி ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதற்காக மட்டும் இல்லை.

சோறு வந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மாரப்பன் பின்னால் நின்றேன்.

அது ஊதவில்லை, அலறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டுகள் தானாக ஆடின. வரிசையில் நின்றவர்களில் ஒரு பெண் அழ ஆரம்பித்தார். மாரப்பன் கிரில் கேட்டை இழுத்துத் திறந்தார். துருவோடு அது கிறீச்சிட்டது. நான் அவர் இரண்டு கையையும் பின்னால் மடக்கிப் பிடித்தேன். வழக்கமான பிடி. அவர் திமிறவே இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். உடம்பு தளர்ந்து, கழுத்து நிமிர்ந்து, யாரோ தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி நின்றார்.

ஆறுக்குட்டி ஐயா எதிரே வந்தார். ஒரு கையில் தடி. இன்னொரு கையில் என் டூல் பாக்ஸில் இருந்த பெரிய ரிங் ஸ்பானர்.

"நான் ஆருன்னு தெரியுதா?"

"தெரியாம என்னடா. ஆறுக்குட்டி. ஃபிட்டரு." மாரப்பனுடைய குரலே மாறியிருந்தது. "உனக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சேடா."

"நாச்சிமுத்து ஆரு?"

சங்கு அலறிக்கொண்டே இருந்தது.

"உன் தம்பி."

"எதுக்குடா கேட்டைத் தொறந்தே? சொல்லு. சொல்லிட்டு வாங்கிக்கோ."

"அவனுக்குத்தான்டா தொறந்தேன்." மாரப்பன் அழுதுகொண்டிருந்தார். அவர் முதுகு என் நெஞ்சில் குலுங்கியது. "முந்தின நா வந்து என் காலைப் புடிச்சான். பொண்டாட்டி மாசமா இருக்கறா, ஊட்ல ஒரு பிடி அரிசி இல்லீங், அண்ணனுக்குத் தெரியாம உள்ள உட்டுருங்கன்னான். சங்கு ஊதறப்ப வா, தொறக்கறேன்னேன். துண்டைப் போத்திட்டு வந்தான். நான் கொஞ்சூண்டுதான் தொறந்தேன். உள்ள இருந்த ரவுடிக தள்ளிட்டு வெளிய வந்துட்டானுக. ஆனா அவனை அடிச்சது அவனுக இல்லே. மொத அடி நீயி. கம்பியில, துண்டு மேல. நீ திரும்பறதுக்குள்ள உன் காலை ஒடிச்சுப்புட்டானுக, நீ பாக்கலை. நான் பாத்தேன். துண்டை எடுத்துப் பாத்தேன்."

"பொய்யி."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலைடா நான்."

ஆறுக்குட்டி ஐயா அடித்தார். எலும்பில் இரும்பு படுகிற சத்தம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. புருவத்துக்கு மேலே பிளந்தது. என் முகத்தில் சூடாகத் தெறித்தது. மறுபடியும் ஓங்கினார். "பொய்யி, பொய்யி" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னார். மாரப்பன் முகத்தை மறைக்கக் கையை உயர்த்தப் பார்த்தார்.

முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. ராமாத்தாள் என் தோளில் பல்லும் நகமுமாக விழுந்த பிறகுதான் விட்டேன் என்று நினைக்கிறேன். மாரப்பன் சரிந்தார். டைமர் முடிந்து சங்கு இறங்கியது. இறங்கி முடியும் வரை யாரும் நகரவில்லை. தட்டோடு வரிசையில் அப்படியே நின்றார்கள். சிமென்ட் தரையில் ரத்தம் அவர்கள் கால் வரைக்கும் போய்விட்டது.


மே 3, சனி

ஸ்பானரைக் கழுவினேன். தரையையும்.

ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்து கேட்டில் மோதிக்கொண்டார் என்று சொன்னேன். ஜெயக்கொடி அக்கா பக்கத்தில் நின்று கேட்டார். தலைமயிரை ஒதுக்கித் தையலைப் பார்த்தார். நர்ஸுக்குத் தெரியாதா, கேட்டில் மோதினால் எப்படிப் பிளக்கும் என்று.

உயிருக்கு ஒன்றும் இல்லை. மண்டை ஓட்டில் ஒரு விரிசல்.


மே 5, திங்கள்

சுலோச்சனா அக்கா வந்தார். நேராக ஸ்டோருக்கு. நான் எழுந்து நின்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பன் உழுகலை. ஆறுக்குட்டி அடிச்சாரு, நீ புடிச்சுட்டு நின்னே. ராமாத்தா ஊட்டுக்கே வந்து சொல்லிட்டா."

"போலீஸ்ல சொல்லுங்கக்கா. நானே வந்து சொல்றேன்."

"நீ சொல்லுவே. உனக்கென்ன, இன்னொரு கம்பெனி. போலீசு வந்தா இதைப் பூட்டிருவாங்க. இதைப் பூட்டுனா நான் எங்க ஊட்டைப் பூட்டோணும்." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "உழுந்ததுன்னே இருக்கட்டும். தையல் பிரிச்சதும் கூட்டிட்டு வருவேன். மறுபடியும் எங்கப்பன் மேல கை வெச்சே, உன் கையை நானே ஒடிச்சுருவேன். கேட்டுக்கோ."

கேட்டுக்கொண்டேன்.

ஆறுக்குட்டி ஐயா வழக்கம்போல வந்தார். காலியான எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டீயைத் தொடவில்லை.


மே 7, புதன்

சங்கு இல்லை. தோளைத் தட்டி ஒவ்வொருவராகக் கூட்டிப்போகிறேன். ரசம் ஆறிவிடுகிறது. பரவாயில்லை.

ராமாத்தாள் என் கையைப் பிடித்து நடக்க மாட்டேன் என்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.


மே 12, திங்கள்

மாரப்பன் திரும்பி வந்துவிட்டார். தலையில் கட்டு, ஒரு கண் இன்னும் பாதி மூடியிருக்கிறது. வேனிலிருந்து இறங்கியதும் அவரைத் தாங்க எல்லாரும் ஓடினார்கள். நான் போகவில்லை. அவருக்கு எதுவும் நினைவில்லை. யார் அடித்தது என்று சுப்பையன் கேட்டதற்கு, "மெஷின்ல பட்டுருச்சு" என்றார். டீ வந்ததும் பிஸ்கட்டை உடைத்தார். "இந்தா தம்பி."

ஆறுக்குட்டி ஐயா வாங்கவில்லை. மூஞ்சிக்கு நேரே குனிந்து, "கேட்டுல ஆரு வந்தது? சொல்லு. துண்டுக்குள்ள ஆரு?" என்று கேட்டார். மாரப்பன் மலங்க மலங்க விழித்தார். "எந்தக் கேட்டு?"

பதினோரு மணி வாக்கில் நான் கூரைமேல் ஏறினேன். சங்கைக் கழற்றி இறக்க. வெயில் மண்டையைப் பொளந்தது. ஈரத் துண்டைத் தலையோடு போர்த்தி முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தேன். போல்ட்டைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற சக்கரத்தை உருவி, வாசலில் கீழே போட்டேன். சிமென்டில் விழுந்து இதழ் எல்லாம் வளைந்தது. இனி அது ஊதாது. எவனாலும் சரிசெய்ய முடியாது, நானே உட்பட.

ஏணியிலிருந்து இறங்கும்போது ஆறுக்குட்டி ஐயா அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்குடா ஒடைச்சே?"

"போதுங்க ஐயா."

"இன்னொரு மொறை. ஒரே மொறை. அன்னிக்கு அவன் சொன்னது நெசமா, இல்லீனா கிறுக்குல ஒளறுனதான்னு எனக்குத் தெரியோணும். அடிக்க மாட்டேன். சத்தியமா அடிக்க மாட்டேன். அதைத் திருப்பி மாட்டு."

"மாட்ட முடியாது. உடைஞ்சிருச்சு."

"அப்ப நான் ஆருகிட்டடா கேப்பேன்?"

தடி தோளில் விழுந்தது. குண்டு பட்ட அதே தோள். அடுத்தது காதோரம். அடுத்தது தலையில், துண்டின் மேல். பலமில்லாத ஆளின் அடி என்று யாரும் சொல்லக்கூடாது. உள்ளே ஏதோ தெறித்தது. என் கை மடங்கியது. மடங்கியதை நானே பார்த்தேன். ஒரே குத்து, கிழவர் எழுந்திருக்க மாட்டார். கையைத் தொடையோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அடுத்ததும் விழுந்தது. அதற்கு அடுத்ததும்.

சத்தம் கேட்டு மாரப்பன் வெளியே வந்தார். கட்டுப் போட்ட தலையோடு வாசற்படியில் நின்று பார்த்தார். சங்கு இல்லை, ஒன்றுமில்லை. குயில் கூட அப்போது கத்தவில்லை. ஷிஃப்டில் ஒரு பையனுக்குச் சொல்கிற மாதிரி, அலுப்பாகச் சொன்னார்.

"டேய் ஆறுக்குட்டி. மொதல்ல துண்டை எடுத்து மூஞ்சியைப் பாத்துட்டு அடிடா."

தடி பாதி வழியில் நின்றுவிட்டது.

மாரப்பன் வாசற்படியில் உட்கார்ந்து மிச்சப் பிஸ்கட்டைத் தின்ன ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவருக்கு.

ஆறுக்குட்டி ஐயா தடியைப் போட்டார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு என் கிட்டே வந்தார். என் தலையிலிருந்த துண்டின் முனையைப் பிடித்தார். முடிச்சு அவிழவில்லை. நான் குனிந்து கொடுத்தேன். துண்டை மெதுவாக விலக்கினார். காதோரம் வழிந்த ரத்தத்தை அதாலேயே துடைத்துவிட்டு, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சோறு ஆறுது என்று உள்ளேயிருந்து ராமாத்தாள் கத்தினார்.